திரை வழியே ஓர் ஆராதனை

2020 மார்ச் 25 அன்று இந்தியாவில் கொரோனா ஊரடங்கு தொடங்கியது. தேவாலயங்களும் மூடப்பட்டன. ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு ஆராதனையைப் பலர் கைபேசியில் நேரலையாகத்தான் கண்டார்கள்.

சென்னை சிட்லபாக்கத்தில் மூட்டுவலியால் படியேற முடியாத பெரியவர்களுக்கு இன்றும் அந்த நேரலை வேண்டும். பாடல் வரிகள் பெரிய எழுத்தில் திரையில் வரட்டும். இணைந்தவர்களைப் பெயர் சொல்லி ஒருவர் வரவேற்கட்டும்.

ஆராதனையை ஜூமில் நடத்தினால் பாதுகாப்பும் வேண்டும். ஊரடங்கு நாட்களில் ஜூம் கூட்டங்களில் அழையாதவர்கள் புகுந்து ஆபாசப் படம் காட்டியது பல நாடுகளில் நடந்தது. ஏப்ரல் 16 அன்று நம் உள்துறை அமைச்சகம் வழிமுறைகளை வெளியிட்டது: ஒவ்வொரு கூட்டத்துக்கும் புது எண், புது கடவுச்சொல், காத்திருப்பு அறை, திரையைப் பகிரும் உரிமை நடத்துபவருக்கு மட்டும். இன்றும் இவை உதவும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது ஜெபக் குறிப்பு. ஒருவரின் பெயரையும் நோயையும் யூடியூப் நேரலையில் வாசித்தால், அது பதிவாகி யார் கண்ணிலும் படும். ஆலயத்துக்குள் சொல்வது வேறு, இது வேறு. சம்மதம் கேட்டு வாசியுங்கள். பிள்ளைகளின் முகத்தைக் காட்டுமுன் பெற்றோரைக் கேளுங்கள்.

உங்கள் சபையில் கணினி தெரிந்த இளைஞர்கள் இருப்பார்கள். வரும் ஞாயிற்றுக்குள் நேரலைப் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள்.