மாண்டலினும் நாடோடி இசையும்



ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாசித்த இசைக்குழுக்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆர்மோனியம், பொங்கோ, நடுவே கணீரென்று ஒரு மாண்டலின். காலையில் பால் வெட்டிய கைகளே இரவில் அதை மீட்டின. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் லயன்களை விட்டுப் பட்டணத்து ஓரங்களுக்குக் குடியேறியபோது அந்த வாத்தியங்கள் அலமாரி மேல் ஏறிவிட்டன. இப்போது சில வீடுகளில் பேரப்பிள்ளைகள் அவற்றை இறக்கித் தூசு தட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் வாசிக்க ஆசைப்படுவது கைத்தொலைபேசியில் கேட்ட ஜிப்சி இசையையும் லத்தீன் அமெரிக்க இசையையும்!

"வாத்தியாரே, பையன் தேவாரத்தை விட்டுட்டு ஏதோ நாடோடிப் பாட்டுன்னு கம்பியைத் தட்டிக்கிட்டிருக்கான். கெட்டுப் போயிடுவானா?" என்று பெற்றோர் எங்களைக் கேட்பதுண்டு. இன்று அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

மாண்டலின் இத்தாலி நாட்டு வாத்தியம். எட்டுத் தந்திகள், நான்கு ஜோடிகள். ஒரு ஜோடிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், ச-விலிருந்து ப வரை உள்ள தூரம். இதன் நாதம் சட்டென்று அடங்கிவிடும். ஆகவே நீண்ட சுரம் வேண்டுமானால் மீட்டும் வில்லையை மேலும் கீழுமாக மிக வேகமாக ஆட்ட வேண்டும். அப்போது எழும் நடுக்கம், அழுகையை அடக்கிக்கொண்டு பேசும் குரலைப் போலிருக்கும். ஏக்கமும் மயக்கமும் கலந்த பாட்டுகளுக்கு மாண்டலின் பொருந்துவது அதனால்தான்.

ஜிப்சிகள் என்று உலகம் அழைப்பவர்கள் தங்களை ரோமா என்கிறார்கள். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர் தவறாக எண்ணியதால் வந்த பெயர் ஜிப்சி. உண்மையில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் அவர்கள். இரண்டுக்கு 'துய்', ஐந்துக்கு 'பஞ்ச்', தண்ணீருக்கு 'பாணி' என்று இன்றும் அவர்கள் மொழியில் சொல்கிறார்கள். போன இடமெல்லாம் விரட்டப்பட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் நாஜிகள் அவர்களில் லட்சக்கணக்கானோரைக் கொன்றார்கள். அவர்களில் தோன்றிய கிதார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-இல் அவர் குடியிருந்த வண்டி தீப்பற்றியதில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடமாயின. மிச்ச விரல்களைக் கொண்டே வாசித்து உலகப் புகழ் பெற்றார்.

இனி தேவாரத்துக்கு வருவோம். மேல்நாட்டார் 'ஜிப்சி சுரவரிசை' என்று சொல்வதைப் பாடிப் பார்த்தால், அது நம் சிம்மேந்திரமத்திமம், 57-ஆவது மேளகர்த்தா. 'மிசிர்லூ' என்ற புகழ்பெற்ற கிரேக்கப் பாட்டின் சுரங்களோ மாயாமாளவகௌளை! நம் பிள்ளைகள் சரளிவரிசை தொடங்கும் ராகம். இந்தளப் பண்ணில் அமைந்த தேவாரத்தை ஓதுவார்கள் இன்று பாடும் ராகமும் அதுவே.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். தடித்த ஜோடியிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஜோடியைச் சும்மா மீட்டினால் ச. கழுத்தில் பதித்திருக்கும் கம்பிகளை வீணையில் மெட்டு என்கிறோம். 1-ஆவது மெட்டில் ரி, 4-இல் க, 5-இல் ம. அடுத்த ஜோடியைச் சும்மா மீட்டினால் ப. அதில் 1-இல் த, 4-இல் நி, 5-இல் மேல் ச. இதுதான் மாயாமாளவகௌளை. ரி-யை 2-க்கும், க-வை 3-க்கும், ம-வை 6-க்கும் மாற்றுங்கள், சிம்மேந்திரமத்திமம் வந்துவிடும். சுரம் ஒன்றானால் இசையும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. நம் ராகத்துக்குக் கமகம் உயிர். அவர்களுக்கு அந்த நடுக்கம்.

லத்தீன் இசையில் தாளம்தான் ராஜா. எட்டு எண்ணிக்கையை நாலு நாலாகப் பிரிக்காமல் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிப்பது அதில் அடிக்கடி வரும். தகிட தகிட தக என்று கைதட்டச் சொல்லுங்கள், பிள்ளைக்கு உடனே பிடிபடும். பிரேசிலில் 'ஷோரோ' என்றொரு இசை உண்டு. அந்தச் சொல்லுக்கு அழுகை என்று பொருள், இசையோ பெரும்பாலும் குதித்தோடும்! அதன் மாண்டலின் மேதை ஜேக்கப் (1918–1969) ரியோ நகரில் நீதித்துறை எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே வாசித்தவர். ஊரார் அவருக்கு வைத்த பெயர் 'ஜேக்கப் டோ பண்டோலிம்', அதாவது மாண்டலின் ஜேக்கப். நம் நாட்டிலும் பி. ரம்லி ரம்பாவையும் சா-சாவையும் மலாய்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். அதைக் கேட்டு யாரும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

நமக்கும் ஒரு மாண்டலின் சீனிவாஸ் இருந்தார். 1969-இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். கச்சேரி மேடையில் மாண்டலினா என்று பலர் முகம் சுளித்தார்கள். இரட்டைத் தந்தியில் கமகம் பிடிப்பது கடினம் என்பதால் மின்சார மாண்டலினில் ஒற்றைத் தந்திகளைப் பூட்டினார். பின்பு ஐந்தாவது தந்தியும் சேர்த்தார். 1980-இல் ஸ்பெயினின் பிளமெங்கோ கலைஞர் பாக்கோ டி லூசியாவுடன் சான்பிரான்சிஸ்கோவில் கிதார் வாசித்த ஜான் மெக்லாக்லின், பிற்காலத்தில் சீனிவாசுடனும் மேடையேறினார். சீனிவாஸ் 2014-இல் மறைந்தார். கர்நாடக இசையில் ஊன்றி நின்றவருக்கு வெளி இசை எந்தக் கேடும் செய்யவில்லை.

ஆகவே அலமாரி மேலிருக்கும் மாண்டலினைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தந்தி துருப்பிடித்திருந்தால் எட்டையும் மாற்றுங்கள். துருவேறிய தந்தியை முறுக்கினால் அறுந்து முகத்தில் அடிக்கும். புதுத் தந்தியையும் ஒரே நாளில் முழுச் சுருதிக்கு ஏற்றாமல், கழுத்து வளைகிறதா என்று பார்த்து இரண்டு மூன்று நாளில் ஏற்றுங்கள். முன்பு குழுவில் வாசித்தவர் அக்கம்பக்கத்தில் இருந்தால் முதல் தடவை அவரையே சுருதி கூட்டச் சொல்லுங்கள்.