லடாக் போகிறவர்கள் கவனத்துக்கு

லடாக் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்கு, போய் வந்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள். நம்மில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். அதனால் காற்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

லடாக் ஒரு குளிர்ப் பாலைவனம். லே நகரின் உயரம் சுமார் 3,500 மீட்டர். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோர ஊர்களில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கர்துங்லா கணவாயில் அது ஏறக்குறைய பாதி. வரவு குறைந்தால் செலவைக் குறைக்க வேண்டும், கணக்கு அவ்வளவுதான்.

சாலை வழியே போவதானால் ஸ்ரீநகர் வழியைக் கேளுங்கள். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், இரவு தங்கும் கார்கில் சுமார் 2,700, பிறகு லே. உடம்பு படிப்படியாகப் பழகும். மணாலி வழியில் சர்ச்சுவில் தங்கினால், அதுவே 4,200 மீட்டருக்கு மேல்.

லேயில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. பாங்காங் ஏரியும் நூப்ராவின் இரட்டைத் திமில் ஒட்டகமும் எங்கும் போய்விடாது.

தலைவலி, குமட்டல் வந்தால் வழிகாட்டியிடம் உடனே சொல்லுங்கள். மற்றவர்களுக்கு ஏன் தொந்தரவு என்று மறைப்பது நம் வயதுக்காரர்களின் வழக்கம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, தாமதிக்காமல் கீழே இறங்க வேண்டும். எங்கள் குழுவில் ஒரு பெரியவருக்கு அப்படி ஆனது. வழிகாட்டி வண்டியைத் திருப்பிவிட்டார். நாங்கள் யாருமே பாங்காங் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் ஒன்றாக ஊர் திரும்பினோம்.

இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.