நீர் நின்ற இடம் ஊர்: வாலாசாபாத்து வட்டாரத்தின் நிலமும் குடியும்



ஒரு நாட்டின் வரலாற்றை அரசர் பட்டியலில் தேடுவோர் பலர். ஊர்ப்பெயர்களில் தேடுவோர் மிகச் சிலர். பட்டியல் வென்றவர் எழுதியது. ஊர்ப்பெயரோ பெரும்பாலும் உழுதவர் இட்டது. வென்றவர் பெயர் மேலே நிற்க, உழுதவர் பெயர்கள் அதனைச் சூழ்ந்து நிற்கும் வட்டாரம் ஒன்று காஞ்சிபுரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் இடையே உள்ளது. அதுவே வாலாசாபாத்து.

ஆர்க்காட்டு நவாபாக 1749 முதல் 1795 வரை இருந்த முகம்மது அலியின் பட்டப்பெயர் வாலாசா. ஆபாத்து என்பது பாரசீகச் சொல். குடியிருப்பு என்பது பொருள். அவர் பெயர் தாங்கிய வாலாசாபேட்டை வேறு. அஃது இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது. பாலாற்றங்கரை வாலாசாபாத்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் படைவீடு அமைத்தனர். படை போயிற்று, பெயர் நின்றது. பெயர் அயன்மொழியினது என்பதால் அங்கு வாழும் எவரும் அயலார் ஆகார். பெயரின் அகவை வேறு. மக்களின் உரிமை வேறு.

இனிச் சுற்றிலும் நோக்குக! ஊற்றுக்காடு, தென்னேரி, திருமுக்கூடல், புளியம்பாக்கம், வெண்குடி. ஊற்றும் காடும் சேர்ந்த இடம் ஊற்றுக்காடு. மக்கள் வாயில் இன்று ஊத்துக்காடு. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் இடம் திருமுக்கூடல். திரையனேரி என்னும் பழம்பெயரே தென்னேரி எனத் திரிந்தது என்பர் ஆய்வாளர். திரையர் தொண்டை நாட்டை ஆண்ட பழங்குடியினர். ஊற்றும் கூடலும் ஏரியும் இங்ஙனம் பெயராய் நிற்பது வெற்றுத் தற்செயல் அன்று. அந்நிலத்தின் இயல்பே அது.

பாலாறு கருநாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றி, 348 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடைகிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. ஆயினும் ஆண்டின் பெரும்பகுதியில் அது மணலாறே. மழையோ பெரும்பாலும் வடகிழக்குப் பருவக் காற்றில் சில கிழமைகளில் கொட்டித் தீர்வது. மலையில்லாச் சமநிலத்தில் அணை கட்டவும் இயலாது. ஆகலின், பெய்த மழையைத் தாழ்நிலத்தில் கரையிட்டுத் தேக்குவதும், மேலேரியின் கலங்கல் நீரைக் கீழேரிக்குக் காலாய் விடுவதும், ஆற்று மணலில் ஊற்றுக்கால் தோண்டுவதுமே அங்கு வாழ்வதற்கு வழியாயின. ஏரி அமைந்த பின்னரே வயல். வயல் அமைந்த பின்னரே ஊர்.

தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது என்பது மரபு. அவற்றுள் ஒன்று ஊற்றுக்காட்டுக் கோட்டம். இன்று சிற்றூராய் நிற்கும் ஊத்துக்காடே ஒரு கோட்டத்தின் தலையிடமாய் இருந்தது. தெற்கே காலியூர்க் கோட்டத்தில் இருந்தது உத்தரமேரூர். அவ்வூரின் குடவோலைக் கல்வெட்டுகள் முதற் பராந்தக சோழன் காலத்தன. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு தோறும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுத்து வாரியத்தார் தேரப்பட்டனர். ஏரி வாரியத்திற்கு மட்டும் 6 பேர். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் ஓலைக்குத் தகுதியற்றோர். ஏரிக்கெனத் தனி வாரியம், கணக்குக் காட்டாதவர்க்குத் தடை ஆகிய இவ்விரண்டுமே அக்கல்வெட்டின் உயிர்.

ஆயினும் மெய்யை மறைத்துப் பெருமை பேசுதல் தமிழுக்கு அழகன்று. அஃது ஒரு பார்ப்பனக் குடியிருப்பின் அவை. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், மறைநூற் பயிற்சியும் தகுதிகளாக வைக்கப்பட்டன. அகவை 35க்கும் 70க்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும். ஏரிக்கு மண் சுமந்தவன் பெயரோ, நாற்று நட்டவள் பெயரோ அக்குடத்தில் விழுந்ததில்லை. எனினும் குடமும் ஓலையும் குடும்பும் ஏரியும் எனத் தொழிலைச் சுட்டும் சொற்கள் உழைப்போர் நாவில் வழங்கிய தமிழாகவே நின்றன.

திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டினது, மற்றொரு செய்தி கூறுகிறது. அங்கு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை இருந்தது. மருத்துவர் ஒருவரும், அறுவை செய்வார் ஒருவரும், மருந்து கொணர்வாரும், நோயாளரைப் பேணும் பெண்டிரும் ஆங்குப் பணியில் இருந்தனர். ஏரி சோறு தந்தது. சோறு மிகுந்த இடத்தில் கல்விச்சாலையும் மருத்துவமனையும் தோன்றின.

வளங்கொழித்த நிலத்தைப் போர் விட்டுவைக்கவில்லை. காஞ்சியை அடுத்த புள்ளலூரில் 7ஆம் நூற்றாண்டில் பல்லவரும் சளுக்கியரும் பொருதனர். அதே மண்ணில் 1780 செப்டம்பர் 10இல் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதின. 1763இல் செங்கற்பட்டுச் சீமையை நவாபிடமிருந்து பெற்ற கும்பினியார், 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்பாரைக் கொண்டு ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தனர். வீடு, குடி, விளைநிலம், ஏரி, தோப்பு என ஊர் ஊராய்க் கணக்கு எடுக்கப்பட்டது. அக்கணக்கு முடிந்த சில ஆண்டுகளில் 1780ஆம் ஆண்டுப் போர் வந்தது. ஊர்கள் பாழ்பட்டன, குடிகள் சிதறின, ஏரிக்கரைகள் உடைந்து கிடந்தன. 1794இல் தண்டலராய் வந்த இலயோனல் பிளேசு, குடிகளை மீட்கக் கண்ட வழிகளுள் தலையாயது ஏரிகளைச் செப்பனிடுதலே. ஏரி நிமிர்ந்தாலன்றிக் குடி திரும்பாது என்பதை அயலானும் உணர்ந்தான்.

திரும்பிய குடிகள் யாவும் ஒருபடித்தாய் வாழவில்லை. காணியாட்சி உடையார் ஊரில் இருந்தனர். உழைத்தார் சேரியில் இருந்தனர். செங்கற்பட்டு மாவட்டத் தண்டலர் திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கை, உழுதவர்க்குக் குடியிருக்கும் மனையும் சொந்தமில்லாக் கொடுமையை அம்பலப்படுத்தியது. அதன் பயனாய் 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் எனப்பட்ட அந்நிலம் பல இடங்களில் பிறர் கைக்குப் போன கதை தமிழ்நாடறியும்.

இன்றைய குடிப்பெருக்கத்தின் வேர் ஏரியில் இல்லை, தொழிற்சாலையில் உள்ளது. பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 28,77,468, 2011இல் 39,98,252. பத்தாண்டில் ஏறத்தாழ 39 விழுக்காட்டு வளர்ச்சி! தமிழ்நாட்டின் வளர்ச்சியோ 15.6 விழுக்காடே. திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் எழுந்த ஆலைகள் ஆயிரக்கணக்கில் மக்களை ஈர்த்தன. 2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. மனை விலை ஏற ஏற, வரவுக்கால் பாதையாகிறது, தாங்கல் மனைப்பிரிவாகிறது, பெயர்ப்பலகையில் மட்டும் ஏரி நிற்கிறது.

இந்நிலையிற்றான், வாலாசாபாத்திற்கு வடக்கே பரந்தூர்ப் பகுதியில் வானூர்தி நிலையம் அமையும் என 2022 ஆகத்தில் அறிவிப்பு வந்தது. 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட அத்திட்டப் பரப்பில் நன்செய்யும் ஏரிகளும் அடங்கியுள்ளன. பாலாற்று நீரைத் திருப்பெரும்புதூர்ப் பக்கத்து ஏரிகளுக்குக் கொண்டு செல்லும் கம்பன் கால்வாயும் அவ்வழியே செல்கிறது. ஏகனாபுரம் மக்கள் தம் ஊரவையில் மீண்டும் மீண்டும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினர். வேலைவாய்ப்பும் போக்குவரத்தும் வேண்டாவெனக் கூறுவார் எவருமிலர். ஆயின், உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாராளுமன்றம் வரை எடுத்துச் சென்று பெருமை கொள்வோர், அதன் அருகிருக்கும் ஊரவையின் குரலுக்கு என்ன மதிப்பளித்தனர் என்பதே வினா. 919இல் ஏரிக்குப் பொறுப்பேற்க ஓர் அவை இருந்தது. அவ்வவையில் இடம்பெறாத உழைப்பாளியும் பெண்ணும் இன்றைய ஊரவையில் கையுயர்த்தும் உரிமை பெற்றுள்ளனர். பழைய குடத்தினும் புதிய அவை பெரிது. அதன் சொல் ஏட்டளவில் நின்றுவிடின், கல்வெட்டுப் பெருமை வெறுங்கல்லே.

எனவே செய்யத்தக்கன மூன்று. ஊர்தோறும் ஏரி, தாங்கல், கலங்கல், வரவுக்கால் ஆகியவற்றின் பெயர்களை முதியோர் வாய்வழிக் கேட்டுப் பதிவு செய்க! அவற்றின் எல்லையை ஊர்க்கணக்கோடு ஒப்பிட்டு ஊரவையில் வைக்க! ஏரிக்கும் அதன் கணக்கிற்கும் ஊரார் முன் விடை சொல்லும் குழு ஒன்று அமைக்க! நீரை இழந்தபின் ஊற்றுக்காடு என்னும் பெயர் ஓசை மட்டுமே. சொல்லையும் அது சுட்டும் பொருளையும் ஒருங்கே காப்பதே தமிழ் காத்தல். ஏரி காப்போம் எனச் சூளுரைத்து எழுக, தமிழினமே!