கிருபையும் தலையெழுத்தும்
(நூற்றாண்டு நன்றி வழிபாட்டின் பின் ஆற்றிய உரை)



கிருபையைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். எம்மில் பலர் இந்துக்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளிலும் கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், லூத்தரர் என்று ஒரே வாங்கில் இருந்தோம். ஒரு கேள்விக்கு மட்டும் ஆளுக்கொரு பதிலை வீட்டிலிருந்து கொண்டு வந்தோம். மனிதர் இரட்சிப்படைவது கடவுள் முன்குறித்ததாலா, தாமே தெரிந்துகொள்வதாலா?

இந்தக் கேள்வி மலைக்கு வந்த வழி சுவையானது. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். டன்சினேன், பால்மோரல் என்ற தோட்டப் பெயர்களும் அந்நாட்டிலிருந்தே வந்தன. அந்நாட்டுத் திருச்சபை கல்வினின் வழியைச் சேர்ந்தது. கடவுள் சிலரை மீட்புக்கென அநாதியாகவே தெரிந்துகொண்டார், மற்றவரை விட்டுவிட்டார் என்பது அவ்வழி; 1618–19இல் டோர்ட் சங்கம் அதை உறுதி செய்தது. மெதடிஸ்தரின் முன்னோடியான ஜோன் வெஸ்லி இதைக் கடுமையாக மறுத்தார். கிருபை எல்லோரையும் முந்திக்கொண்டு வருகிறது, ஏற்பதும் தள்ளுவதும் அவரவர் கையில் என்றார். கிருபையே தொடங்குகிறது, மனித சித்தம் அதனோடு ஒத்துழைக்கிறது என்பது கத்தோலிக்கப் போதனை.

லூத்தரர் நடுவே ஒரு வழி நடந்தார்கள். மீட்பு முழுவதும் கடவுளின் செயல், அதில் நமது பங்கு ஒன்றுமில்லை. ஆனால் அழிவுக்கென்று அவர் எவரையும் குறிக்கவில்லை. 1577இன் இணக்க வாக்கியம் சொல்வது இதுதான். அப்படியானால் ஏன் எல்லோரும் மீட்படைவதில்லை? அதற்கு அவர்கள் விடை கட்டவில்லை. மறைந்திருக்கும் தீர்மானத்தைத் துருவாமல், சிலுவையையும் ஞானஸ்நானத்தையும் பார் என்றார்கள். மலையகத்தில் லூத்தரன் சபையை வளர்த்த அமெரிக்க மிசூரி சங்கம், 1895இல் கிருஷ்ணகிரியில் தமிழர் நடுவே பணி தொடங்கிய அதே சங்கம். அதற்கு முன்பே, 1881இல், இதே முன்குறித்தல் வாதத்தில் ஒஹாயோ சங்கம் அவர்களைப் பிரிந்தது. நமது விசுவாசத்தை முன்னறிந்தா கடவுள் தெரிந்துகொண்டார் என்பதே வழக்கு. இல்லை என்றார் மிசூரியின் வால்தர். விசுவாசமும் ஒரு தகுதியாகிவிட்டால் கிருபை கூலியாகிவிடும் என்பது அவர் அச்சம்.

கூலி என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். இயேசு சொன்ன உவமையில், மாலையில் வந்து ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் முழுப்பேர் விழுகிறது. மலைநாட்டில் இந்த உவமைக்கு விளக்கம் தேவையில்லை.

வைத்தியர்களான எங்களிடம் தாய்மார் அடிக்கடி சொல்வது, “எல்லாம் தலையெழுத்து, டொக்டர்” என்பதே. இரத்தச்சோகையையும் நிறை குறைந்த பிள்ளையையும் அந்த ஒரு சொல்லில் அடக்கிவிடுவார்கள். முன்குறித்தலைத் தலையெழுத்து என்று மொழிபெயர்த்துப் பிரசங்கித்தால் அது பெரும் கேடு. லயத்துக் கூரை ஒழுகுவதும், 1948ஆம் ஆண்டுச் சட்டம் எம் பாட்டன் பாட்டியரைக் குடியுரிமை அற்றவராக்கியதும் மனிதர் எழுதியவை. மனிதர் எழுதியதை மனிதர் திருத்தலாம். பிள்ளையை இழந்த தாயிடம் கடவுளின் தீர்மானத்தை விளக்கவும் எமக்கு உரிமையில்லை. காரணம் தெரியாத இடத்தில் பேசாதிருக்கும் லூத்தரரின் அடக்கம் வாட்டுக்கும் பொருந்தும்.

சபைகள் இன்று நெருங்கி வந்துள்ளன. 1999இல் ஒக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக சம்மேளனமும், மீட்பு நமது தகுதியால் அல்ல, கிருபையால் என்று கூட்டாக அறிக்கையிட்டனர். 2006இல் உலக மெதடிஸ்தரும் சேர்ந்தனர். மிசூரி சங்கம் சேரவில்லை. வேறுபாடு தீர்ந்துவிடவில்லை என்கிறது. அந்த நேர்மையையும் மதிப்போம்.

நமக்கு மிஞ்சும் கேள்வி ஒன்று. நாம் படித்து முன்னேறியது முழுவதும் எமது உழைப்பு என்றால், நம்மோடு படித்து, இடையில் நின்று, கூடை எடுத்தவள் உழைக்காதவளா? அவள் நம்மிலும் கெட்டிக்காரி என்பது நமக்குத் தெரியும். பெற்றதைக் கிருபை என்று ஒப்புக்கொண்டால், அவள் மகளுக்கு இப்பாடசாலையில் ஓர் இடமும் புத்தகமும் கிடைக்கச் செய்வது தருமமாக இராது. வாங்கியதில் கொஞ்சத்தைக் கைமாற்றுவது, அவ்வளவுதான்.