தபால் ஓட்டும் சாவடி ஓட்டும்
(செண்பகத்தோப்பில் பேசியதன் சுருக்கம்)



"ஓட்டைத் தபாலிலே போட்டுவிடலாமாமே, மில்லில் லீவு கேட்டு மல்லுக்கு நிற்க வேண்டாமே" என்று ராஜபாளையம் பஞ்சாலைத் தோழர்கள் சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வாக்காளர் அனைவருக்கும் ஓட்டுச் சீட்டு தபாலில் வருகிறது, வாஸ்தவம். நம் நாட்டில் அப்படியில்லை. ராணுவத்தார், தேர்தல் வேலை பார்க்கும் ஊழியர், 85 வயது கடந்தோர், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமுற்றோர் முதலிய சிலருக்கே அந்த உரிமை. திருப்பூருக்குப் பிழைக்கப் போன கூலிக்காரன் ஊருக்கு வந்துதான் போட வேண்டும். பஸ் சார்ஜ் அவன் தலையில்!

தபால் ஓட்டு லேசான காரியமா? சீட்டை ஓர் உறையில் ஒட்டி, உறுதிமொழியில் கையெழுத்திட்டு, அதற்கு அதிகாரியின் சான்றொப்பம் வாங்கி, இரண்டையும் பெரிய உறையில் வைத்து அனுப்ப வேண்டும். 2016-இல் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. சான்றொப்பம் போட்ட தலைமையாசிரியருக்கு அந்தத் தகுதி இல்லையென்று தள்ளப்பட்ட தபால் ஓட்டுகளோ 203! 2019-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவற்றை எண்ணச் சொன்னது. முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை போட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஓட்டுக்கே இந்தக் கதி.

முதியோர் விஷயம் வேறு. தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் 12டி படிவம் கொடுத்தால், அதிகாரிகள் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குவார்கள். வேட்பாளரின் ஏஜெண்டும் உடன் வந்து பார்க்கலாம். நடக்க முடியாத கிழவிக்கு இது நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் படிவம் ஏற்கப்பட்ட பின் சாவடியில் ஓட்டு கிடையாது. ஆகவே பென்ஷன் பாரம் என்று எவராவது காகிதத்தை நீட்டினால், படித்துக் காட்டச் சொல்லாமல் கைநாட்டு வைக்காதீர்கள். பண்ணையார் நிழலில் குடியிருக்கும் கிழவன், வீட்டில் குறியிடும்போது யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். சாவடியில் மறைப்புக்குள் அவன் ஒருவனே.

மற்ற நமக்கெல்லாம் சாவடிதான். அதற்கு உரிமையும் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவு, 1996-இல் சேர்த்தது, ஓட்டு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது, தினக்கூலிக்கும் உண்டு. மீறிய முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான்! ஒரு ஷிப்டு நூலின் விலை நமக்குத் தெரியாதா? வேலைக்கு வராவிட்டால் 'பெருநஷ்டம்' என்று சொல்லித் தப்பவும் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். எனவே லீவு நோட்டீஸ் முன்கூட்டியே கேட்டில் ஒட்டப்பட வேண்டும் என்று சங்கம் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

இங்கே பளியர் குடியிருப்பிலும் தோப்புக் குடிசைகளிலும் 85 கடந்தவர் யார் யார் என்று இப்போதே பட்டியல் எடுங்கள். அறிவிக்கை வந்த பிறகு 5 நாள் போதாது.