காலைக் கூட்டத்திலிருந்து கலையகம் வரை



செய்தி வாசிக்க எங்கே படித்தீர்கள் என்று பலர் கேட்பதுண்டு. இங்கேதான். காலைக் கூட்டத்தில் பத்திரிகைத் தலைப்புகளை வாசிக்கும் முறை எனக்கு வரும்போது, ழகரம் பிழைத்தால் தமிழ் ரீச்சர் மேடையிலேயே மறித்து, திருப்பி வாசிக்க வைப்பார்.

பின்னர் வானொலியில் குரல் தேர்வு. முதல் தடவை தேறவில்லை. சில ஆண்டுகள் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்த பிறகே தொலைக்காட்சிக்குப் போனேன். சிங்களத்தில் வரும் செய்தியைத் தமிழாக்கி, தாள் என் கைக்கு வரும்போது ஒளிபரப்புக்குச் சில நிமிடங்களே இருக்கும். என் சேலையை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியாது!

2004 டிசம்பர் 26 இரவு, கடல் புகுந்த ஊர்களின் பட்டியலில் எங்கள் ஊரும் இருந்தது. வீட்டுத் தொலைபேசி வேலை செய்யவில்லை. வாசித்தேன். குரல் நடுங்கவில்லை என்று பிறகு பாராட்டினார்கள். ஆனால் ஊர்ப் பெயருக்கு முன் ஒரு கணம் நின்றுவிட்டேன். கலையகத்தில் யாரும் கவனிக்கவில்லை. பொங்கலுக்கு ரீச்சர் எழுதிய கடிதத்தில் ஒரே வரி: "அந்த இடத்தில் நின்றது பிழையில்லை, பிள்ளை."

அம்மா மூன்றாம் நாள்தான், ஒரு பாடசாலை முகாமிலிருந்து பேசினார்.