போலி சார்ஜரும் குடும்பப் பாதுகாப்பும்

(மதுரை வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மதுரைச் சமவெளியில் வாழும் நமக்கு நீரும் மின்சாரமும் உடன்பிறந்தவை. பெரியாற்று நீர் மலையிலிருந்து இறங்கும்போதே மின்சாரத்தை உண்டாக்குகின்றது. பின்னர் வைகையில் கலந்து நம் வயல்களுக்கு வந்து சேர்கின்றது. அந்த நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய 1958-ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை மின்சாரத்தை அடக்கி ஆள நாம் எவ்வளவோ கற்றுக்கொண்டோம். மோட்டார் வாங்கச் சென்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று கேட்கின்றோம். ஸ்டார்ட்டர், பியூஸ், எர்த் கம்பி ஆகியவற்றை ஆராய்ந்து பார்க்கின்றோம்.

ஆனால் அதே மின்சாரத்தோடு இரவும் பகலும் இணைந்திருக்கும் ஒரு சிறு பொருளைப் பற்றி மட்டும் நாம் எதுவும் கேட்பதில்லை. அதுதான் செல்போன் சார்ஜர். சந்தையிலும் திருவிழாக் கடையிலும் பேருந்து நிலையத்தின் ஓரத்திலும் கைக்கு வந்த விலையில் வாங்கி, வீட்டுக்குள் கொண்டு வந்து, குழந்தை உறங்கும் பாயின் அருகில் செருகி வைக்கின்றோம். இவ்வாறு விற்கப்படுவனவற்றுள் போலிகளும் உள்ளன. அவற்றால் விளையும் தீங்கையும், அதைத் தடுக்க நம் பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவற்றையும் உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

போலி நம் வீட்டுக்கு வந்த வழி

செல்போன் இன்று விவசாயத்துக்கும் ஒரு கருவி. தமிழ்நாடு அரசு 2018-இல் தொடங்கிய ‘உழவன்’ செயலியின் வாயிலாக மானியத் திட்டங்களையும் சந்தை விலையையும் அறிகின்றோம். தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே செல்போன் மூலம் இயக்குவோரும் நம்மிடையே உண்டு. ஆகவே வீட்டுக்கு இரண்டு, மூன்று சார்ஜர்கள் தேவைப்படுகின்றன.

முன்னெல்லாம் புதுப் போன் வாங்கினால் பெட்டியிலேயே சார்ஜரும் இருக்கும். 2020-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் அவ்வாறு தருவதை நிறுத்தியது. அடுத்து வேறு சில நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. சார்ஜரைத் தனியே வாங்க வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. நல்ல சார்ஜரின் விலையைக் கேட்டு மலைத்தவர்கள் முன்னே, அதே பெயரும் அதே உருவமும் கொண்ட மலிவுப் பொருள் வந்து நின்றது. வாங்குவோரைக் குறை கூறுவதில் பயனில்லை. பல சமயம் விற்பவருக்கே அது போலி என்று தெரிவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத கரை

சார்ஜருக்குள் நடப்பதை விளங்கிக்கொண்டால்தான் அபாயம் எங்கே இருக்கிறது என்பது புலப்படும். கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு புறம் பெருவெள்ளம் தேங்கி நிற்கின்றது. மறுபுறம் நாற்றங்கால். இடையே கரை இருக்கின்றது. மடை வழியாக வேண்டிய அளவு நீர் மட்டும் வெளியேறுகின்றது. கரை உடைந்தால் நாற்றங்கால் என்னவாகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சார்ஜரின் ஒரு புறம் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம். அது உள்ளே நேர்மின்னோட்டமாக மாற்றப்படும்போது ஏறக்குறைய 325 வோல்ட் வரை உயர்கின்றது. மறுபுறம் செல்போனுக்குச் செல்லும் கம்பியில், சாதாரண சார்ஜராயின், 5 வோல்ட் மட்டுமே இருக்கும். விரைவாக ஏற்றும் சார்ஜரில் இது சற்றுக் கூடலாம்; ஆயினும் உயிரைப் பறிக்கும் அளவன்று. இவ்விரு புறங்களுக்கும் இடையே ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் இருக்கின்றது. அதன் இரு கம்பிச் சுற்றுகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. காந்த சக்தியின் வாயிலாக மட்டுமே ஆற்றல் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்குக் கடக்கின்றது. இந்தப் பிரிவே சார்ஜரின் கரையாகும்.

முறையாகச் செய்யப்பட்ட சார்ஜரில் இந்தக் கரைக்கென்றே செலவு செய்கின்றார்கள். உட்சுற்றுக் கம்பிக்கு மூன்றடுக்கு உறை இடுகின்றார்கள். பலகையின்மீது இரு புறங்களுக்கும் இடையே ஒரு நெல்மணியின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விடுகின்றார்கள். மின்னோட்டம் மிகுந்தால் அறுந்து காக்கும் பியூஸையும் வைக்கின்றார்கள்.

போலியைச் செய்பவர் கை வைப்பது இங்கேதான். வெளிக்கூட்டையும் எழுத்துகளையும் அவர் அழகாகவே அமைக்கின்றார்; அவையே விற்பனைக்கு வேண்டியவை. உள்ளே உறை மெலிகின்றது. இடைவெளி கேழ்வரகு மணியின் பருமனுக்கும் குறைகின்றது. பியூஸ் இல்லாமலே போகின்றது. அப்படிப்பட்ட சார்ஜரும் போனுக்கு மின்னேற்றத்தான் செய்கின்றது. ஆகவே குறை எதுவும் தெரிவதில்லை. ஈரம் புகுந்த ஒரு நாளில், அல்லது மின்னழுத்தம் திடீரென உயர்ந்த ஒரு நொடியில், கரை உடைகின்றது. 230 வோல்ட்டும் மெல்லிய கம்பியின் வழியே கைக்கு வந்துவிடுகின்றது. அல்லது சார்ஜரே தீப்பற்றுகின்றது.

நடந்தவை

இஃது அச்சமூட்டக் கூறும் கதையன்று. மின்பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யு.எல். என்னும் நிறுவனம், ஆப்பிள் பெயரைத் தாங்கிய 400 போலி சார்ஜர்களைப் பல நாடுகளிலிருந்து திரட்டி ஆராய்ந்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டது. அவற்றுள் தேறியவை 3 மட்டுமே. 12 சார்ஜர்கள் தொட்டவரின் உயிரைப் பறிக்கக்கூடிய அளவுக்கு மோசமானவை என்று கண்டார்கள்.

நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில், கார்வார் வட்டத்துக் கிராமம் ஒன்றில், 2023 ஆகஸ்டு மாதம் எட்டு மாதக் குழந்தை ஒன்று சார்ஜர் கம்பியின் முனையை வாயில் வைத்து, மின்சாரம் தாக்கி உயிரிழந்தது. போனைக் கழற்றிய பின்னும் சுவிட்சு அணைக்கப்படாமல் இருந்தது. 2024 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில், செல்போன் மின்னேறிக்கொண்டிருந்தபோது மின்கசிவால் தீ மூண்டு, ஒரே வீட்டில் நான்கு குழந்தைகள் மாண்டனர். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் மாண்டவர்கள் குழந்தைகள் என்பதைத் தாய்மார்கள் மனத்தில் கொள்ள வேண்டும். குழந்தையின் வாய் ஈரமானது. கம்பியின் முனையோ அதன் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகின்றது.

விவசாயிகளுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். பம்புசெட்டுக் கொட்டகையில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று பேசுவது பலருடைய வழக்கம். ஈர உடம்பில் மின்சாரம் எளிதாகப் பாயும். மேலும், மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் இருக்க வேண்டிய முனையில் 400 வோல்ட்டை நெருங்கும் மின்னழுத்தம் வரக்கூடும். நல்ல சார்ஜர் அப்போது பழுதாகி நின்றுவிடும். போலி சார்ஜரோ வெடிக்கலாம், தீப்பற்றலாம். கொட்டகையில் போனுக்கு மின்னேற்றும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுவதே நலம்.

அறிந்து வாங்கும் முறை

மத்திய அரசின் கட்டாயப் பதிவு ஆணையின்படி, இத்தகைய சார்ஜர்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெற்ற பின்னரே விற்கப்பட வேண்டும். பதிவு பெற்ற சார்ஜரில் அமைவனத்தின் முத்திரை இருக்கும். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண்ணும், கீழே ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்தும் அதனையடுத்து எட்டு இலக்கங்களும் இருக்கும்.

முத்திரையைக் கண்டதோடு நின்றுவிடலாகாது. முத்திரையையும் போலியாக அச்சிட முடியும். அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த ‘ஆர்’ எண்ணை இட்டால், பதிவு செய்த உற்பத்தியாளரின் பெயரும் பொருளின் பெயரும் தெரியும். சார்ஜரில் உள்ள பெயரோடு அவை பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள். உங்களுக்கு இது பழக்கமில்லையாயின், படிக்கும் பிள்ளைகளிடம் கூறுங்கள். இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

இரண்டாவதாக, ரசீது கேளுங்கள். ரசீது தரத் தயங்கும் கடையில் மின்பொருளை வாங்காதிருப்பதே அறிவுடைமை. மதுரை நகரில் ரசீதோடு நல்ல பொருள் விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடவும் வழியுண்டு. ரசீது கையில் இருந்தால்தான் அம்முறையீட்டுக்கு வலு ஏற்படும்.

நூறு, இருநூறு ரூபாய் மிச்சம் என்பது ஏழைக் குடும்பத்துக்குச் சிறு தொகையன்று. அதை நான் அறிவேன். ஆனால் நல்ல சார்ஜர் ஒன்று பல ஆண்டுகள் உழைக்கின்றது. மலிவுச் சார்ஜரையோ சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்ற நேரிடுகின்றது. அது கெடுக்கும் போனின் விலையையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் எதுவும் இராது.

வீட்டில் கைக்கொள்ள வேண்டியவை

மின்னேற்றம் முடிந்ததும் முதலில் சுவிட்சை அணைத்து, பின்னர் சார்ஜரைக் கழற்றி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தலையணையின் அடியிலும், துணிக் குவியலிலும், வைக்கோற்போர் அருகிலும் போனுக்கு மின்னேற்றாதீர்கள். கூடு பிளந்த சார்ஜரையும், தொட முடியாத அளவு சூடாகும் சார்ஜரையும், கருகிய நாற்றம் வீசும் சார்ஜரையும் அன்றே விலக்குங்கள். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு ஏற்பட்டாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியை வீட்டு மெயினில் பொருத்திக்கொள்வது பெரும் பாதுகாப்பாகும். எனினும் அது சார்ஜருக்குள் மூளும் தீயைத் தடுக்காது. ஆகவே கருவி இருக்கின்றதென்று போலியை வாங்கலாகாது.

ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள், இயலாவிடில் உலர்ந்த மரக்கம்பால் கம்பியை விலக்கி, உடனே 108-ஐ அழையுங்கள். மின்சாரத்தால் மூண்ட தீயின்மீது தண்ணீர் ஊற்றாதீர்கள். மெயினை அணைத்து, உலர்ந்த மணலைக் கொட்டுங்கள்.

பஞ்சாயத்தின் கடமை

தனி மனிதர் எச்சரிக்கையாக இருப்பது மட்டும் போதாது. பஞ்சாயத்துகள் நான்கு காரியங்களைச் செய்யலாம். அவற்றுக்குப் பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை.

முதலாவது, பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் நூலகத்துக்கும் வாங்கும் ஒவ்வொரு மின்பொருளும் பதிவு எண் பார்த்து, ரசீதோடு வாங்கப்பட வேண்டும். ஊருக்குச் சொல்லும் முன் நாமே செய்து காட்டுவது முறையன்றோ?

இரண்டாவது, ஆண்டில் ஆறு முறை கூடும் கிராம சபையில் ஒரு முறையேனும் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். செயலியில் எண்ணைச் சரிபார்க்கும் முறையை ஓர் இளைஞரைக் கொண்டு எல்லார் முன்னிலையிலும் செய்து காட்டச் செய்யுங்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதனை வீடுதோறும் கொண்டு செல்லும்.

மூன்றாவது, ஊரில் செல்போன் பொருள் விற்கும் கடைக்காரரை அழைத்துப் பேசுங்கள். அவரும் நம் ஊர்க்காரரே. மொத்த வியாபாரியிடம் பதிவு எண்ணுள்ள சரக்கை ரசீதோடு கேட்டு வாங்குமாறு அவரை வேண்டிக்கொள்ளுங்கள். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் அவரும் கேட்பார். போலி முத்திரையைக் கண்டால் அமைவனத்துக்குத் தெரிவியுங்கள். அதன் கிளை அலுவலகம் மதுரையிலேயே உள்ளது.

நான்காவது, பழுதான சார்ஜர்களைப் போட ஒரு பெட்டி வையுங்கள். சேர்ந்தவற்றை மின்னணுக் கழிவாக ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். கழித்த சார்ஜர் மீண்டும் ஒரு வீட்டுக்குள் நுழைவதை இது தடுக்கும்.

அன்பர்களே! மழைக்காலம் வருமுன் கண்மாய்க்கரையைச் சுற்றி வந்து, எலிவளை உண்டா, விரிசல் உண்டா என்று பார்ப்பது நம் முன்னோர் வகுத்த ஊர்க்கட்டுப்பாடு. அதே கருத்தோடு, இன்றிரவே உங்கள் வீட்டுச் சார்ஜர்களை எடுத்து முத்திரையையும் எண்ணையும் பாருங்கள். ஐயம் எழுந்தால் மீண்டும் செருகாதீர்கள். அடுத்த கிராம சபையில் உங்கள் ஊரில் எத்தனை வீடுகள் இவ்வாறு பார்த்தன என்று கேளுங்கள்.